கிருத்திகை நட்சத்திரத்து அக்காவும் தம்பியும்

போன வருஷம் ஹோலி முடிந்த வாரம், ஓர் அக்காவையும் தம்பியையும் பிரிக்க ஏற்பாடு செய்யும்படி ஆபீஸில் என்னிடம் சொன்னார்கள். வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது. அதைச் செய்ய வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான்தான்.

மாதாமாதம் முருகன் கோயிலில் கூடுகிற நம் கிருத்திகைக் குழுவில் பல பேருக்கு என் முகம் தெரியும், வேலை தெரியாது. பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கும், இருந்தும் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்கும் வளர்ப்புக் குடும்பம் தேடிக் கொடுக்கிற வேலை. தத்து வேறு, இது வேறு. தத்து எடுத்தால் பிள்ளை சட்டப்படி அவர்களுடையது. இதில் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, ஒரு குடும்பத்தின் பொறுப்பில் பிள்ளையை விடும். அவ்வப்போது வந்து பார்க்கும். சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும். இதைக் கல்யாண வீடுகளில் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்போ கல்யாண புரோக்கர் மாதிரின்னு சொல்லுங்கோ" என்று ஒரு மாமி சொன்னாள். கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் பஜ்ஜி தின்றுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகலாம். என் பிள்ளைகளுக்கு எழுந்து போவதற்கு வீடு கிடையாது.

அந்த அக்கா தம்பியின் நிஜப் பெயரை நான் எழுதக் கூடாது. முருகனிடம் சொன்னது முருகனோடு இருக்கட்டும். உங்களுக்கு மாலா, பாபு. மாலாவுக்குப் பத்து வயது முடியப்போகிற சமயம். பாபுவுக்கு நாலு. பம்பாயில் பாண்டுப் என்கிற இடத்துப் பக்கம் இருந்த குடும்பம். தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் வேலைக்குப் போகிறேன் என்று போனவன்தான். போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. சொந்தம் என்று யாரும் வரவில்லை. இரண்டும் ஒரு விடுதியில் இருந்தன. அது சின்னப் பிள்ளைகளுக்கான விடுதி. பத்து வயதைத் தாண்டிய பெண்ணை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மாலாவை டோம்பிவிலிக்கும் அப்பால் இருக்கிற பெரிய பெண்கள் விடுதிக்கு மாற்ற வேண்டும். பாபுவுக்குத் தனியாக ஒரு குடும்பம் பார்க்க வேண்டும். ஆபீஸில் சொன்னது இதைத்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் குடும்பம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள்.

நானும் கேட்காத இடமில்லை. மாதுங்காவில் கேட்டேன், மாஹிமில் கேட்டேன், ரயிலில் லேடீஸ் டப்பாவில் தினமும் பார்க்கிறவர்களிடம்கூடப் பொதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "ஒண்ணுன்னா யோசிக்கலாம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இந்த வீடுகளில் ஒன்றுக்கு இடம் இருப்பதே பெரிய விஷயம். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

மாலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடுதிக்கு யாராவது பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றால், அன்றைக்கென்று பாபு அலங்கோலமாக இருப்பான். கன்னத்தில் மண், மூக்கு ஒழுகும், தலை பரட்டை. "காலைலதான் குளிப்பாட்டினேன், இந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தும் பாத்துக்கறதில்ல" என்று ஆயா மாலாவைத் திட்டுவாள். ஒருநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். துணி காயப்போடுகிற இடத்துக்குப் பின்னால், மாலா பூந்தொட்டி மண்ணை எடுத்துத் தம்பி கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் பூசுவதுபோல நிதானமாகத் தேய்த்தாள். அவனும் முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஏம்மா இப்படிப் பண்ற?" என்றேன்.

"அழுக்கா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க மேடம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஏப்ரலில் வந்த செம்பூர்த் தம்பதியிடம் அவள் வித்தை பலிக்கவில்லை. இரண்டு பேரும் நல்ல உத்தியோகம், சொந்த ப்ளாட், குழந்தை இல்லை. அந்த அம்மா தன் கைக்குட்டையாலேயே பாபுவின் மூக்கைத் துடைத்துவிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டார். மண் இருந்ததையே கவனிக்கவில்லை. நல்ல மனுஷி. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் வேண்டாம் என்று எழுதிவிடலாம்.

பெரியவளைப் பற்றிக் கேட்டேன். "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவா. சின்னவன் மட்டும்னா சமாளிச்சுப்போம். அவளுக்கு எல்லாம் விவரம் தெரிஞ்சுடுத்து, எங்களோட ஒட்டிக்க மாட்டா" என்றார் அவர் கணவர். மறைக்காமல் சொன்னார்.

அன்று நான் கிளம்பும்போது மாலா வாசல்வரை வந்தாள். "அவன் என்ன மறந்துருவானா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இதுதான். சின்னது மறந்துவிடும், பெரியது மறக்காது. இதை ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? குர்லாவில் வண்டி மாறும்போது, இந்த வேலையை விட்டுவிடலாம் என்று முதல்தடவையாக நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளைகளைப் பிரித்து வைக்கவா நான் விரதம் இருக்கிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று ஆத்திரமாக வந்தது.

சித்திரைக் கிருத்திகை வந்தது. அன்று எனக்குச் சாமி கும்பிடப் பிடிக்கவே இல்லை. பழக்கத்துக்குப் போனேன். நம் கோயிலில் நான் அர்ச்சனை செய்கிற விதம் உங்களில் சிலருக்குத் தெரியும். குடும்பம் கிடைக்காமல் என்னிடம் இருக்கிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் சொல்லுவேன். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். பிறந்த நாளே தெரியாத பிள்ளைகளுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? எல்லாருக்கும் கிருத்திகை என்று சொல்லிவிடுவேன். பெற்றவள் கையில் வளராமல், கார்த்திகைப் பெண்கள் கையில் வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் பிள்ளைகளின் நிலைமை தெரியும் என்று நானாக ஏற்படுத்திக்கொண்ட கணக்கு. "மாமி, உங்க குழந்தைகள் எல்லாம் ஒண்ணு விடாம கிருத்திகையிலேயே பொறந்திருக்கே" என்று குருக்கள் என்னைக் கேலி செய்வார். ஆனாலும் ஒரு பெயர் விடாமல் சொல்லுவார்.

அன்று நான் வரிசையில் நின்று முருகனிடம் சண்டை போட்டேன். வேண்டினேன் என்று அழகாக எழுதலாம், ஆனால் சண்டைதான் போட்டேன். நீ ஆறு குழந்தையாகக் கிடந்தவன். ஒருத்தி வந்து ஆறையும் ஒரே அணைப்பில் அள்ளி எடுத்தாள். ஒன்று போதும், மற்றதை விடுதியில் விடு என்று அவள் சொல்லவில்லை. நான் ஆறெல்லாம் கேட்கவில்லை. இரண்டை எடுக்க ஒருத்தியைக் காட்டு. இல்லையென்றால் அடுத்த கிருத்திகைக்கு என்னை எதிர்பார்க்காதே. இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் என் முறை வந்தது. மாலா பெயரையும் பாபு பெயரையும் மட்டும் சேர்த்துச் சொல்லி, "ரெண்டு பேருக்கும் கிருத்திகை" என்றேன்.

தீபாராதனை முடிந்து செருப்பு விடுகிற இடத்துக்கு வந்தபோது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் கூடவே வந்தாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் புடவை, கையில் தேங்காய் மூடி.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே? ஒரு பொண்ணு பேரும் பையன் பேரும் சொல்லி, ரெண்டுக்கும் கிருத்திகைன்னு சொன்னிய. ரெட்டப் புள்ளையளா?"

"இல்லம்மா. அக்கா, தம்பி. எப்பப் பொறந்தாங்கன்னே சரியாத் தெரியாது. நட்சத்திரம் நான் வெச்சது."

"ரெட்டையோன்னு நெனச்சிட்டேன். நானும் எங்கண்ணனும் ரெட்ட, அதான் கேட்டேன்" என்றாள்.

அவ்வளவோடு நான் போயிருப்பேன். என் வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அவள் பேச்சை விடவில்லை.

"எங்கய்யா அவன மட்டும் பம்பாய்க்குக் கூட்டிட்டு வந்துட்டாவ. என்னைய ஊருல சித்தி வீட்டுல விட்டுட்டாவ. நான் இங்க வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அவன் எங்கிட்ட இந்தில பேசுதான். நான் வாயப் பொத்திட்டு நிக்கேன். ஒரே வயித்துல கெடந்தவன், அவன அண்ணன்னு எனக்கு இன்னொருத்தர் சொல்லித் தர வேண்டியிருந்துச்சு. இப்பவும் எங்களுக்குள்ள விருந்தாளிப் பேச்சுதான்."

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வேலையில் பிள்ளைகளின் விவரத்தை வெளியாரிடம் பேசக் கூடாது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா தம்பிகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொன்னேன். அவள் பெயர் பேச்சியம்மாள். தாராவியில் இருக்கிறாள். கணவர் சுடலைமுத்து தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்கிறார். ஒரே மகள் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். "வீட்டுல அவியகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று ஆபீஸ் நம்பர் வாங்கிக்கொண்டாள். நம்பர் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அநேகம் பேர். போன் செய்கிறவர்கள் அபூர்வம். அவள் மறுநாளே செய்தாள்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயம்தான் வந்தது. தாராவியில் ஒரே கோலி, மேலே ஒரு மாளா. ஒற்றை அறையும் ஏணி வைத்து ஏறுகிற பரணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் செம்பூரில் இரண்டு படுக்கையறை ப்ளாட். நலக் குழு எதைப் பார்க்கும்?

வீடு பார்க்கப் போவதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். மாதுங்கா, செம்பூர் ப்ளாட் என்றால் வீட்டு வேலை செய்கிற பெண் வரும் நேரத்தில் போவேன். அவளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும். தாராவி என்றால் தண்ணீர் வரும் நேரம். முதல் தடவை சொல்லிவிட்டுப் போவேன், இரண்டாம் தடவை சொல்லாமல் போவேன். குழாயில் தண்ணீர் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராலும் நடிக்க முடியாது. யார் யாரை அதட்டுகிறார்கள், அடுத்த வீட்டு டிரம்மை யார் நகர்த்திவிடுகிறார்கள், பிள்ளை குறுக்கே வந்தால் கை ஓங்குகிறதா, எல்லாம் வெளியே வந்துவிடும்.

மே மாதம் ஒரு விடியற்காலை, இரண்டாம் தடவையாக, நான் குடியிருக்கிற டோம்பிவிலியிலிருந்து ஸ்லோ வண்டி பிடித்து, சயனில் இறங்கிச் சொல்லாமல் போனேன். சந்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து பனியனோடு நின்று ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிறைந்துகொண்டிருந்தது பக்கத்து வீட்டு டிரம். அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறாள், அதனால் அவர்களுடையது முதலில். என்னைப் பார்த்த பதற்றத்தில் அவர் பின்னால் நகர்ந்து, பிடித்து வைத்திருந்த குடத்தை உதைத்துக் கவிழ்த்துவிட்டார். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன்.

"விட்டுத் தள்ளுங்க. சந்தக் கழுவுனதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள்.

தண்ணீர் வேலை முடிந்ததும் டீ கொடுத்தார்கள். மாளாவைக் காட்டினார்கள். நான் வருவது தெரியாமலே சுடலைமுத்து அங்கே பிளைவுட் அடித்து ஒரு சின்னத் தடுப்பு போட்டிருந்தார். பெண் பிள்ளைக்கு மறைப்பு வேண்டும் அல்லவா என்றார். அதிகம் பேசாத மனிதர். ஒன்றுதான் கேட்டார்.

"கொஞ்ச நாள் கழிச்சு, திருப்பிக் குடுன்னு சொல்லிருவாங்களாக்கா?"

"சொல்லலாம்ணே. உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் மீதி டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "சரி. அதுவரைக்குமாவது ரெண்டும் சேந்து கெடக்கும்லா" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு நான் என் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? அந்த இங்கிலீஷ் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

விதிப்படி எல்லாம் விசாரித்து முடித்து, கணவன் மனைவி இருவரையும் விடுதிக்கு வரச் சொன்னேன். பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மாலா வழக்கம்போல வேலையை முடித்திருந்தாள். பாபு கன்னம் முழுக்க மண். பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். பையனைப் பார்க்கவில்லை. மாலாவைப் பார்த்து, "நீதான் அக்காவா? உங்க ரெண்டு பேரையும் பாக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள்.

"ரெண்டு பேரையுமா?" என்று மாலா அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பேச்சியம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் திரும்பி வந்தன. பாபுவின் முகம் கழுவியிருந்தது. தலையில் தண்ணீர் தொட்டு வகிடு எடுத்துச் சீவியிருந்தது. ஆயாவின் பவுடர் டப்பா பாதி காலி என்று நினைக்கிறேன், அவ்வளவு வெள்ளை. அவனைப் பேச்சியம்மாளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மாலா தள்ளி நின்றுகொண்டாள். ஆயா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் அழுதேன். வேலை இடத்தில் அழக் கூடாது என்று புதிதாக வரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

ஜூன் தொடக்கத்தில் நலக் குழு கூடியது. செம்பூர் மனுவும் தாராவி மனுவும் ஒரே நாளில் வந்தன. நான் நினைத்ததுபோலவே இடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரே அறையில் எப்படி, படிப்புக்கு என்ன வசதி, சின்னவனுக்காவது நல்ல ப்ளாட் கிடைக்கிறதே என்று. நியாயமான கேள்விகள். என் பதில்கள் எனக்கே வலுவில்லாமல் கேட்டன. மனசுக்குள் முருகா முருகா என்பதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பது விதி. தலைவர் அம்மா மாலாவைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

மாலா பேச்சியம்மாளைக் காட்டினாள். "இவங்க வந்தப்போ நான் தம்பி மூஞ்சியைக் கழுவி விட்டேன்" என்று இந்தியில் சொன்னாள்.

யாருக்கும் புரியவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். பூந்தொட்டி மண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் நான் சொன்னேன். அதன் பிறகு யாரும் சதுர அடி கேட்கவில்லை. இருவரையும் சேர்த்துத் தாராவிக்கு அனுப்ப அன்றே உத்தரவு போட்டார்கள்.

செம்பூர்த் தம்பதி என்மேல் வருத்தப்பட்டார்கள். அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை. அவர்களுக்காகவும் நான் அர்ச்சனை செய்கிறேன். அவர்கள் வேண்டுதலும் அவன் காதில் விழுந்திருக்கும்.

இதெல்லாம் தற்செயல் என்று என் ஆபீஸிலேயே சொல்கிறார்கள். இருக்கட்டும். எத்தனையோ வருஷமாக நான் அதே வரிசையில் நின்று அதே பொய் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. கையைப் பிசைந்துகொண்டு சண்டை போட்ட அன்றைக்கு, உடன்பிறப்பைப் பிரிந்த வலி தெரிந்த ஒருத்தியை என் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தியிருந்தான். நான் முன்னால் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். வேலையை விடுகிற எண்ணம் அன்றோடு போயிற்று. இப்போதும் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல் அலைகிறேன், ஆனால் தனியாக அலைகிறேன் என்ற நினைப்பு இல்லை.

போன மாதம் கிருத்திகைக்கு அந்தக் குடும்பம் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது. பாபு சுடலைமுத்துவின் தோளில். குருக்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டு, "நட்சத்திரம்?" என்றார். பேச்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள் மாலா, "கிருத்திகை. எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். குருக்கள் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலி செய்யவில்லை.

என்னிடம் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிலும் அக்கா தம்பிகள் உண்டு. உங்கள் வீட்டில் இடம் இருந்தால் என்னிடம் வாருங்கள். இடமில்லை என்று தோன்றினாலும் வாருங்கள், தண்ணீர் வரும் நேரத்தில் நான் வந்து பார்த்துச் சொல்கிறேன். வர முடியாதவர்கள் அடுத்த கிருத்திகைக்கு, வீடில்லாத ஒரு பிள்ளைக்காக ஓர் அர்ச்சனை செய்யுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நட்சத்திரம் கேட்டால் கிருத்திகை என்று சொல்லுங்கள். அவனுக்கு அடையாளம் தெரியும்.